ஜாட்சாய் பன்றிக்கறி நூடுல்ஸ்: பிழை எங்கே, சரிசெய்வது எப்படி

ஷாங்காயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்குக் கீழே இருந்த நூடுல்ஸ் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் இதைத்தான் சாப்பிட்டேன்: ஜாட்சாய் ரோவ்ஸி மியென். ஜாட்சாய் என்பது உப்பில் ஊறவைத்து அழுத்திய கடுகுச்செடித் தண்டு. ரோவ்ஸி என்றால் கீற்றாக நறுக்கிய கறி. சீனர்கள் வெறுமனே 'கறி' என்றால் அது பன்றிக்கறிதான். மியென், நூடுல்ஸ். சொல்லி ஐந்து நிமிடத்தில் கிண்ணம் மேசைக்கு வந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்து ஏமாந்து வீட்டில் செய்யப் போனேன். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் ரப்பர், ஒரு நாள் கூழ்.

எதிர்வீட்டு ஆயிதான் கரையேற்றினார். சீனத்தில் 'ஆயி' என்றால் சித்தி, அத்தை வயதுப் பெண்கள் எல்லோருக்கும் பொது. நம் ஊரில் ஆயி என்றால் அம்மா. இவருக்கு இரண்டும் பொருந்தும். எந்தப் பிழையோடு போய் நின்றாலும் அவர் முதலில் தேடுவது தண்ணீரை. ஊறுகாயில் தண்ணீர் நிற்கிறதா, கறி தண்ணீரைக் குடித்ததா, நூடுல்ஸ் வெந்த தண்ணீர் எங்கே போனது என்று மூன்றையும் கேட்ட பிறகுதான் மசாலாப் பக்கம் திரும்புவார்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான். இரண்டு பேருக்கு: கறி 150 கிராம், ஜாட்சாய் 80 கிராம், ஈர நூடுல்ஸ் 250 கிராம். கறியில் பிசைய லைட் சோயா சாஸ் 1 டீஸ்பூன், ஷாவ்ஷிங் ஒயின் (சீன அரிசி ஒயின்) 1 டீஸ்பூன், தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃப்ளோர் 1 டீஸ்பூன், கடைசியில் எண்ணெய் 1 டீஸ்பூன். இஞ்சி, வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை. உப்பு எழுத மறந்துவிடவில்லை. உப்பு கிடையாது.

ஜாட்சாய்க்குப் பதில் ஷுவேட்சாய் போட்டாலும் இதே வழிதான். அது உப்பிலிட்ட கடுகுக்கீரை. ஷாங்காய், ஹாங்ஜோ பக்கத்து வீடுகளில் அதுவே அதிகம். வித்தியாசம் வரும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

## உப்புக் கரிக்கிறது

இந்த நூடுல்ஸில் வரும் புகார்களில் பாதி இதுதான், அதனால் இதற்கு நீளமாகவே எழுதுகிறேன்.

### அடுப்பு பற்றவைக்கும் முன்பு

ஊறுகாயில் ஒரு துண்டைப் பச்சையாக மென்று பாருங்கள். காசு செலவில்லாத சோதனை. ஆறு மாதம் நான் செய்யாமல் விட்ட சோதனையும் இதுதான்.

அப்படியே கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம் போல இருந்தால், அது கீற்றாக நறுக்கிச் சிறு பாக்கெட்டில் வரும் ரகம். எண்ணெய், சர்க்கரை, மிளகாய் எல்லாம் சேர்த்துப் பக்குவமாக்கியிருப்பார்கள். இதை ஊறவைக்காதீர்கள், உப்போடு ருசியும் போய்விடும். வடிகட்டியில் போட்டு ஒரு தடவை அலசி, கையால் பிழிந்தால் போதும்.

உப்புக்கல்லைக் கடித்தது போல இருந்தால், அது முழு உருண்டையாக, மேலே மிளகாய்த்தூள் பூசி வரும் ரகம். யாங்சியும் வூ ஆறும் கூடுகிற ஃபூலிங்கில் 1898இல் தொடங்கிய சரக்கு. 'ஜா' என்றால் அழுத்திப் பிழிவது, 'ட்சாய்' என்றால் காய்கறி. அழுத்திப் பிழிந்தது தண்ணீரைத்தான், உப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேல் தூளைக் கழுவுங்கள். முதலில் மெல்லிய கீற்றாக நறுக்குங்கள், பிறகுதான் ஊறவைக்க வேண்டும். உருண்டையாகவே போட்டால் மேல்புறம் சப்பென்று ஆகும், நடுவில் உப்பு அப்படியே இருக்கும். நறுக்கிய கீற்றைக் குளிர்ந்த தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம், இடையில் ஒரு முறை தண்ணீர் மாற்றி. மறுபடி மென்று பாருங்கள். இன்னும் கரித்தால் இன்னொரு 10 நிமிடம். வெந்நீர் வேண்டாம், கறுக்மொறுக் போய்விடும்.

ஊறிய பிறகு பிழிவதை விட்டுவிடாதீர்கள். பிழியாமல் வாணலியில் போட்டால் வேறொரு பிழை வரும், கீழே இருக்கிறது.

### கிண்ணத்தில் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது என்றால்

முதலில் எது கரிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். சாற்றை மட்டும் ஒரு கரண்டி. பிறகு கறியை மட்டும் ஒரு துண்டு.

சாறு மட்டும் கரித்தால் வெந்நீர் ஊற்றி விளாவுங்கள், அரை டீஸ்பூன் பன்றிக்கொழுப்போ நல்லெண்ணெயோ சேருங்கள். வெந்நீர் மட்டும் ஊற்றினால் உப்பு குறையும், கூடவே சாற்றின் கனமும் போய்விடும்.

மேலே போட்ட கறிக்கலவை கரித்தால் சாற்றைத் தொடாதீர்கள். கலவையை எடுத்துத் தனித்தட்டில் வைத்துவிடுங்கள். ஷாங்காய், சூஜோ நூடுல்ஸ் கடைகளில் இப்படித் தட்டில் தனியாக வைத்துத் தருவதற்கே 'குவோச்சியாவ்', அதாவது 'பாலம் கடப்பது' என்று பெயர் உண்டு. தட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம். விருந்தாளி வந்த அன்று கரித்துவிட்டால் இதைச் செய்யுங்கள். பிழை என்று யாருக்கும் தெரியாது, பாணி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டுமே கரித்தால் இன்னொரு பிடி நூடுல்ஸ் வேகவைத்துச் சேர்ப்பதே வழி. நம் வீடுகளில் குழம்பில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடுவோமே, அது உப்பை மட்டும் தேடிப்பிடித்து இழுப்பதில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்து, பங்கு போட ஓர் ஆளாக வந்து சேர்கிறது. இங்கே உப்பில்லாத நூடுல்ஸ்தான் அந்த ஆள்.

### ஊறுகாயைச் சரியாகத்தான் அலசினேன், ஆனாலும் கரிக்கிறது

அப்படியானால் உப்பு வேறு வாசலில் வருகிறது. எனக்கு வந்த வரிசையிலேயே சொல்கிறேன். நூடுல்ஸ் வேகும் தண்ணீரில் உப்பு போடுகிறீர்களா? உலையில் கை தானாக உப்பைப் போட்டுவிடும், பழக்கதோஷம், இங்கே வேண்டாம். பாக்கெட் நூடுல்ஸ் மாவிலேயே உப்பு சேர்ந்திருக்கிறதா? உலர் நூடுல்ஸ் பலவற்றில் இருக்கும். சாற்றுக்குக் கடைத்தூளோ சூப் கட்டியோ போடுகிறீர்களா? நிறுத்துங்கள். கறியிலும் சாற்றிலுமாகச் சோயா சாஸ் இரண்டு முறை போகிறதா? லைட் சோயா ஒரு டீஸ்பூனில் கிட்டத்தட்ட முக்கால் முதல் 1 கிராம் உப்பு உண்டு. கறிக்குப் போட்டதோடு நிறுத்துங்கள்.

### யாரைக் கேட்பது

பாக்கெட்டின் பின்னால் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையில் கடைசி வரி சோடியம். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 2,500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 80 கிராம் பாக்கெட்டில் 5 கிராம் உப்பு. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டை இரண்டு கிண்ணத்துக்குப் பிரித்தாலும், அலசியதில் கொஞ்சம் போனாலும், ஒரே வேளையில் பெரும் பங்கு தீர்ந்துவிடும். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் இருந்தால், உப்புக் குறைத்த பாக்கெட் கடையில் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கிவிட்டோம் என்று தைரியமாகச் சாற்றைக் கவிழ்த்துக் குடிக்கக் கூடாது. அவர்களுடைய மருத்துவரிடம் எவ்வளவு ஆகும் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

## உப்பு சரி, ருசி மட்டும் சப்பென்று இருக்கிறது

பெரும்பாலும் காரணம் ஒன்றே: வாணலி ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம், இரண்டும் சந்திக்கவே இல்லை. கடையில் எலும்புச்சாறு அண்டாவில் கொதித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் அது கிடையாது. அதனால் வதக்கிய கலவையில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதி இருக்கும் வாணலியிலேயே 700 மில்லி கொதிநீர் ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். அதுவே சாறு. எடுத்து வைத்த பாதியைக் கடைசியில் மேலே போடுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள், கறி விறைத்துவிடும்.

இதைச் செய்தும் சப்பென்று இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. ஊறுகாயை வதக்கும்போதே போட வேண்டும், கிண்ணத்தில் அல்ல. பிறகு கிண்ணத்தின் அடியில் அரை டீஸ்பூன் பன்றிக்கொழுப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள். கறுப்பு மிளகு போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் அது வேறொரு ஊரின் கிண்ணம் ஆகிவிடும்.

அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மூங்கில் குருத்து. ஹாங்ஜோவில் 1867இல் தொடங்கிய குய்யுவான்குவான் என்ற கடை பெயர் வாங்கிய 'பியென்அர்சுவான்' நூடுல்ஸில் மெல்லிய கறிவில்லை, ஷுவேட்சாய், மூங்கில் குருத்து மூன்றுமே உண்டு. குருத்து சேர்ந்தால் சாற்றில் இனிப்பு இறங்கும். செலவும் கூடும், சுத்தம் செய்யும் வேலையும் கூடும்.

## கறி ரப்பர் போல இருக்கிறது

நம் கை செய்யும் பிழை இது. பன்றிக்கறி நன்றாக வேக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிளகு வறுவலுக்கு அது சரி. இங்கே தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடித்த கீற்று. நல்ல சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். நிறம் வெளுத்து, ஒரு கீற்றைப் பிய்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு இல்லை என்றால் வெந்துவிட்டது. அப்போதே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு ஊறுகாயை வதக்குங்கள், கடைசியில் சேருங்கள். அடுப்பிலேயே விட்டுவிட்டு இஞ்சி தேடப் போனால் ரப்பர்தான்.

நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்றால் பிசைந்ததைப் பாருங்கள். ஆயி என் பாத்திரத்தில் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டிய இடம் இது. முதலில் சோயாவும் ஒயினும். பிறகு தண்ணீரை மூன்று தடவையாக ஊற்றி, ஒரே திசையில் பிசைய வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஈரம் தெரியாத வரை அடுத்த தடவை ஊற்றக் கூடாது. தண்ணீர் உள்ளே போன பிறகு கார்ன்ஃப்ளோர், அது கதவைச் சாத்துவது போல. கடைசியில் எண்ணெய். வரிசை மாறி மாவை முதலில் போட்டால் தண்ணீர் வெளியே நிற்கும், வாணலியில் சேறாகும். 15 நிமிடம் வையுங்கள்.

அதுவும் சரி என்றால் கத்தி. 'மாட்டைக் குறுக்கே, பன்றியை நெடுக்கே, கோழியைச் சாய்வாக' என்று சீனச் சமையலறையில் ஒரு சொலவடை உண்டு. பன்றியின் முதுகுச்சதை மென்மையான நார். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் கீற்று உடையாமல் நிற்கும். குறுக்கே வெட்டினால் வதக்கும்போது தூளாகும். ஆனால் தொடைக்கறி வாங்கிவிட்டீர்கள் என்றால் இந்தச் சொலவடையை மறந்துவிடுங்கள். அந்த நார் முரடு, கொஞ்சம் சாய்த்தே வெட்டுங்கள். கறி வழுக்கினால் ஃப்ரீசரில் 30 நிமிடம் வைத்து எடுத்தால் கத்திக்கு அடங்கும்.

கடைசி வழி, காசு வழி: வேறு பாகம் வாங்குவது. முதுகெலும்பின் உள்பக்கம் ஓடும் நீளமான மெல்லிய சதையைக் கேளுங்கள், 'லிஜி' என்பார்கள். விலை கூடுதல். கறிக்கடைக்காரரிடமே 'வதக்குவதற்குக் கீற்றாக' என்று சொன்னால் நறுக்கியே தருவார். நான் பல நாள் அதைத்தான் செய்கிறேன், வெட்கமில்லாமல்.

## கறியில் கவிச்சி வாடை

நறுக்கிய கறியைக் குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, ரத்தத் தண்ணீர் போன பிறகு பிழிந்து பிசையுங்கள். ஒயினை விடாதீர்கள், இல்லையென்றால் இஞ்சியை நசுக்கி ஊறவைத்த தண்ணீர். இதற்கும் போகாமல் சூடுபட்டதும் மூத்திர வாடை போல எழுந்தால் அது அந்த விலங்கிலேயே இருப்பது, உங்கள் கைக்குற்றம் இல்லை. அடுத்த முறை வேறு கடை. பச்சைக்கறியே புளித்த வாடை அடித்தாலோ, தொட்டால் பிசுபிசுவென்று நூல் இழுத்தாலோ சோதனை எதுவும் வேண்டாம், குப்பைக்குப் போகட்டும்.

## வாணலியில் ஒட்டிப் பிய்கிறது

வாணலியை வெறுமனே லேசாகப் புகை வரும் வரை காயவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றி, எண்ணெய் நெளிந்தவுடன் கறி. 'சூட்டு வாணலி, குளிர் எண்ணெய்' என்பது இதுதான். கறியைப் போட்டதும் பத்து எண்ணும் வரை கிளறாதீர்கள். தானாக விட்டுக்கொடுக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து நேரே போட்டாலும் ஒட்டும்.

நான்ஸ்டிக் வாணலியை வெறுமனே காயவிடக் கூடாது, பூச்சு கெடும். அதில் முதலிலேயே எண்ணெய் ஊற்றி நடுத்தரச் சூட்டில் செய்யுங்கள். பூச்சு ஏற்கெனவே உரிந்திருந்தால் அந்த வாணலிக்கு ஓய்வு கொடுங்கள்.

## வதங்கவில்லை, தண்ணீர் விட்டு வேகிறது

வாணலியில் சாம்பல் நிறத்தில் குளம் கட்டி, அதில் கறி நீந்தினால்:

ஊறுகாயைப் பிழிந்தீர்களா? பிழிந்த பிறகும் சந்தேகம் இருந்தால் எண்ணெய் இல்லாத வாணலியில் முதலில் ஊறுகாயை மட்டும் போட்டு, ஈரம் போய் ஓரம் சுருங்கும் வரை ஒரு நிமிடம் பிரட்டி எடுத்து வையுங்கள். ஷுவேட்சாய்க்கு இது கட்டாயம். பச்சை வாடையும் இதிலேயே போய்விடும். ஆனால் எண்ணெயில் போட்ட பிறகு எதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் வதக்காதீர்கள். ஊறுகாய் துவண்டுபோனால் இந்த நூடுல்ஸில் பல்லுக்கு வேலையே இருக்காது.

ஒரே நேரத்தில் எவ்வளவு போடுகிறீர்கள்? வீட்டு அடுப்புக்கு 150 கிராம்தான் கணக்கு. நான்கு பேருக்கு என்றால் இரண்டு தவணையாக வதக்குங்கள். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் நான்கு பேருக்கும் அவியல்தான்.

இண்டக்‌ஷன் அடுப்பில் உருண்டை அடி வாணலி வைத்திருக்கிறீர்களா? தட்டை அடிக்கு மாறுங்கள், தட்டையான இடத்துக்கு மட்டும்தான் சூடு.

### அடுப்புச் சுடரைப் பார்க்க வேண்டிய இடம்

மேலே எதுவும் இல்லை, ஆனாலும் சூடு போதவில்லை என்றால் விளக்கை அணைத்துவிட்டுச் சுடரைப் பாருங்கள். நீலமாக, கூம்பாக, அசையாமல் இருந்தால் அடுப்பில் குறையில்லை, மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள். மஞ்சளாக ஆடினால், வாணலியின் அடியில் கரி பிடித்தால், பர்னர் துளைகளில் சாறு பொங்கி அடைத்திருக்கும். நூடுல்ஸ் தண்ணீர் பொங்குகிற வீட்டில் இது நடக்காமல் இருக்காது. வால்வை மூடி, பர்னர் ஆறிய பிறகு கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மாட்டிய பிறகும் மஞ்சளாகவே எரிந்தாலோ, சுடர் மேலெழுந்து தானாக அணைந்தாலோ அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். காற்றுக் கலவை, ரெகுலேட்டர், குழாய் எல்லாம் கேஸ் மெக்கானிக் வேலை. மஞ்சள் சுடர் என்றால் எரிவாயு முழுமையாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு சேரும். மூடிய சமையலறையில் அது ஆளைக் கொல்லும். கேஸ் வாடை வந்தால் வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், வெளியே போய் நின்று கேஸ் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.

## நூடுல்ஸ் பிழைகள்

### கட்டியாக ஒட்டிக்கொள்கிறது

ஈர நூடுல்ஸ் மேல் தூவிய மாவை உதறிவிட்டு, கையால் பிரித்துப் போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். 250 கிராமுக்கு 2 லிட்டர், குறைக்காதீர்கள். போட்டதும் சாப்ஸ்டிக்கால் அடியிலிருந்து ஒரு முறை கிளறுங்கள். உறைய வைத்த நூடுல்ஸை உருகவிடாமல் அப்படியே போட வேண்டும். உருகினால் வெளிப்புறம் பசையாகிவிடும்.

வெந்ததை வடிகட்டியில் வைத்துவிட்டு அப்புறம்தான் கறியை வதக்கப் போகிறீர்கள் என்றால், ஒட்டுவதற்கு நூடுல்ஸைக் குறை சொல்லாதீர்கள். கறி, சாறு, கிண்ணம் எல்லாம் தயாரான பிறகுதான் நூடுல்ஸ் தண்ணீரில் இறங்க வேண்டும்.

### குழைந்து கூழாகிறது

சரியாக வெந்ததும் எடுக்கிறீர்கள், அதுதான் பிழை. கொதிக்கும் சாற்றில் விழுந்த பிறகும் அது வெந்துகொண்டுதான் இருக்கும். இன்னும் அரை நிமிடம் வேண்டும் என்று தோன்றும்போதே எடுங்கள். பொங்கி வரும்போதெல்லாம் அரைக் கப் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்; பொங்குவதும் அடங்கும், வெளிப்புறம் கரைவதற்குள் உள்புறம் வேகும். மெல்லிய நூடுல்ஸுக்கு ஒரு முறை, தடித்ததற்கு இரண்டு மூன்று முறை. சாப்பிடுபவர் மெதுவாகச் சாப்பிடுகிறவர் என்றால் சாற்றைக் கூட்டுங்கள். சூஜோக் கடைகளில் சாறு அதிகம் வேண்டுமென்றால் 'குவான்தாங்', குறைவாக வேண்டுமென்றால் 'ஜின்தாங்' என்று சொல்லிக் கேட்பார்கள்.

### சோப்பு வாடை, மஞ்சள் சாறு

காரம் சேர்த்த நூடுல்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்புக் காரம். சோடியம் கார்பனேட் மாவில் சேர்ந்தால் நூடுல்ஸ் மஞ்சளாகும், விறைப்பாகும். தவறான சரக்கு இல்லை. ஆனால் அது வெந்த தண்ணீரைச் சாற்றில் ஊற்றக் கூடாது. நூடுல்ஸை எடுத்து வெந்நீரில் ஒரு முறை முக்கி, பிறகு கிண்ணத்தில் போடுங்கள். கஞ்சித்தண்ணீரைக் கொட்ட மனம் வராத கைகள் நம்முடையவை. இங்கே கொட்டித்தான் ஆக வேண்டும்.

## பல்லில் மண் நறநறக்கிறது

ஷுவேட்சாய் போட்ட அன்று மட்டும் நறநறத்தால் தண்டும் தண்டும் சேரும் அடிப்பகுதியில் மண். கட்டாகப் பிடித்து அலசினால் போகாது. ஒவ்வொரு தண்டாகப் பிரித்து மூன்று தண்ணீர் பார்க்க வேண்டும். மூன்றாவது தண்ணீரைக் கீழே ஊற்றும் முன் பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். ஜாட்சாய் போட்ட அன்றும் நறநறத்தால் உருண்டையின் மடிப்புகளைத் திறந்து கழுவுங்கள்.

## நாக்கு அரிக்கிறது, தொண்டை கரகரக்கிறது

மூங்கில் குருத்து போட்டீர்களா? வேகவைக்காமல் போட்டீர்கள். தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். கசப்பு மிஞ்சினால் இன்னொரு கொதி. குருத்து போடாமலேயே உதடு தடித்து, மேலெல்லாம் தடிப்பு வந்தால் அது ஒவ்வாமை. கோதுமை, சோயா, கடுகு மூன்றுமே இந்தக் கிண்ணத்தில் இருக்கின்றன. மூச்சு இறுகினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு.

## ஊறுகாயே சரியில்லை

பாக்கெட் உப்பியிருந்தால் திறக்காதீர்கள், ருசி பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். நான்கு யுவான் சரக்கு அது. திறந்து மூன்று நாளுக்கு மேலான பாக்கெட்டில் வழவழப்போ புதிய புளிப்போ இருந்தாலும் எறியுங்கள். மிச்சத்தைப் பாக்கெட்டிலேயே மடித்து வைப்பதைவிடச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. ஈரக் கரண்டி கூடாது. நம் ஊறுகாய்க்குச் சொல்லும் அதே சட்டம்தான், ஆனால் இதில் மேலே காவலுக்கு நிற்க எண்ணெய் கிடையாது.

### வீட்டில் போட்ட ஷுவேட்சாய்

மேலே மெல்லிய வெண்படலம் மட்டும் என்றால் காற்று புகுந்திருக்கிறது. கீரை உப்புநீருக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மேலே கல் வைத்து அமுக்குங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு போலப் பூஞ்சை வந்தால் மேலாக எடுத்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முழு ஜாடியும் போகட்டும்.

அவசரம்தான் இதில் பெரிய பிழை. உப்பிட்ட முதல் நாட்களில் கீரையில் நைட்ரைட் என்ற நச்சுப்பொருள் ஏறும், பிறகு இறங்கும். அதனால்தான் 20 நாள் கழியாமல் ஜாடியைத் திறக்காதே என்பார்கள். ஐந்தாம் நாள் நிறம் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வதக்கக் கூடாது. உப்பைக் குறைத்துப் போட்ட ஜாடி என்றால் இன்னும் கவனம்.

## சாப்பிட்ட பிறகு உடம்பு சரியில்லை

வயிறு உப்புசம், தாகம் மட்டும் என்றால் உப்பு அதிகம். தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள், நாளைக்கு ஊறுகாயைக் கூடுதலாக அலசுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கறி வேகாமல் போயிருக்கலாம், அல்லது பச்சைக்கறி நறுக்கிய பலகையிலேயே வெங்காயத்தாளும் நறுக்கியிருப்பீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். காய்ச்சலோ ரத்தமோ கண்டாலும், ஒரு நாளைக்கு மேல் நீண்டாலும் மருத்துவர். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் என்றால் ஒரு நாள் பார்க்க வேண்டாம்.

உதடும் நகமும் நீலம் பாய்ந்து, தலை சுற்றி, மூச்சு வாங்கினால் அது நைட்ரைட் நஞ்சு. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வரும். மோர், எலுமிச்சை என்று வீட்டு வைத்தியம் பார்க்க இதில் நேரமில்லை. சீனாவில் ஆம்புலன்ஸுக்கு 120. மருத்துவமனையில் மெத்திலீன் ப்ளூ என்ற மாற்று மருந்து கொடுப்பார்கள். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது இவை ஒரு நாள் இரண்டு நாள் கழித்து வந்தாலும் அதே அவசரம்தான். கெட்டுப்போன ஜாடி, உப்பிய பாக்கெட் இவற்றின் வேலையாக இருக்கலாம். கிளம்பும்போது மிச்சமிருக்கும் ஊறுகாயையும் பாக்கெட்டையும் ஒரு பையில் கட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். எப்போது சாப்பிட்டீர்கள் என்ற நேரத்தையும் சொல்லுங்கள்.